'டெல்டாவுக்கு ரெட் அலர்ட்!!!' - க்ளிக் கிடைக்கும்... அடுத்த முறை நம்புவாங்களா?

போன வருஷம் குறுவை அறுவடை நேரம். ஒரத்தநாடு பக்கத்துல விவசாயம் பார்க்குற எங்க சித்தப்பா, ஃபேமிலி குரூப்ல காலங்காத்தால ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். கறுப்பு மேகம், சிவப்பு எழுத்து, மூணு ஆச்சர்யக்குறி. டெல்டாவைப் புரட்டிப்போடப் போகிற பேய்மழை என்று ஒரு தலைப்பு. கீழே அவர் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: "தம்பி, இது எந்த ஊருக்கு, என்னைக்கு?"

லிங்க்கைத் தேடிப் பிடிச்சுப் படிச்சேன். முதல் மூணு பாராவில் வங்கக்கடல் வரலாறு. நடுவில் ரெண்டு விளம்பரம். கடைசிப் பாராவில், 'டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு'. அவ்வளவுதான். ஊரும் இல்லை, தேதியும் இல்லை, எத்தனை சென்டிமீட்டர் என்பதும் இல்லை.

சித்தப்பா அந்தப் பதிவை எழுதினவருக்கு ஒரு க்ளிக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைச்சது என்ன தெரியுமா? அன்னைக்கே அறுத்துடணும்னு பயந்து, கேட்ட வாடகைக்கு அறுவடை மெஷினைக் கூப்பிட்டார். ஊரே அதே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருந்ததால, மெஷினுக்கு அன்னைக்கு ஏக கிராக்கி. இன்னும் நாலு நாள் நின்னிருந்தா நல்லா முத்தியிருக்க வேண்டிய கதிர். அடுத்த ரெண்டு நாளும் ஒரத்தநாட்டில் பளீர்னு வெயில்.

இந்தக் கதையை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? உங்கள்ல பாதிப் பேர் ஏதோ ஒண்ணு எழுதுறீங்க. பதிவு, ரீல்ஸ், யூடியூப், ஊர் பேர்ல ஒரு பேஜ். எல்லாருக்கும் ஒரே கேள்வி: 'கூட்டத்துல நம்ம போஸ்ட் மட்டும் தனியா தெரியணும், என்ன பண்ணலாம்?' இதுக்கு பதில் சொல்ல அமெரிக்க மார்க்கெட்டிங் குருக்கள் வேண்டாம். நம்ம காவிரி டெல்டாவே போதும். இங்கே ஒரு தலைப்பு சரியா தப்பாங்கிறது லைக்ல தெரியாது, நெல்லுல தெரியும்.

மழையை எழுதிப் புகழ் பெற்றவர்கள்

முன்னாடியெல்லாம் மழைன்னா நமக்கு ஒரே முகம்தான். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் சார். டி.வி-யில் அவர் வந்தாலே ஸ்கூல் லீவுனு குஷியான தலைமுறை நாம. 2016-ல் அவர் ஓய்வு பெற்றார். அதுக்கு சில மாசம் முன்னாடி, 2015 டிசம்பரில் சென்னை மூழ்கினப்போ, வேறொரு பெயர் எல்லா போனிலும் சுத்த ஆரம்பிச்சது. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான்.

அவர் அரசு வானிலை அதிகாரி கிடையாது. வேறு வேலை பார்த்துக்கிட்டே மழைமேல இருந்த ஆர்வத்துல எழுதினவர். ரேடார் படத்தையும் மழை அளவையும் மத்தவங்களும்தான் போட்டாங்க. அப்போ இவரை மட்டும் ஏன் லட்சக்கணக்கானவங்க தேடிப் போனாங்க? அவருடைய பதிவுகளைப் பொறுமையா படிச்சுப் பாருங்க. எங்கே, எப்போ, எவ்வளவு, பயப்படணுமா வேண்டாமா... இந்த நாலுக்கும் பதில் இருக்கும். குறிப்பா அந்த நாலாவது. 2015 மாதிரி மறுபடியும் வந்துடுமோன்னு ஊரே நடுங்கினப்போவெல்லாம், 'இது அது மாதிரி இல்லை' என்று பல தடவை எழுதியிருக்கார். யோசிச்சுப் பாருங்க, க்ளிக் கணக்குப்படி பார்த்தா இது படுமுட்டாள்தனம்! பயத்தைக் கிளப்பினாத்தானே கூட்டம் வரும்? ஆனா கூட்டம் அவர்கிட்டதான் போச்சு. பயப்படத் தேவையில்லாதப்போ வேண்டாம்னு சொன்னவர், ஒருநாள் 'ஜாக்கிரதை'னு சொன்னா அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம்.

டெல்டாவிலும் இப்படி ஒருத்தர் இருக்கார். 'டெல்டா வெதர்மேன்' ஹேமச்சந்தர். இப்போ மழைச் செய்தின்னா பத்திரிகைகளே அவர் சொல்றதை எடுத்துப் போடுது. அந்தப் பெயரையே கவனிங்க. 'இந்தியா வெதர்மேன்' இல்லை, 'ஆசியா வெதர்மேன்' இல்லை, டெல்டா. எழுதுறவங்க பெரும்பாலும் செய்யற தப்பு, எல்லாருக்கும் எழுதப் பார்க்கிறது. 'தமிழகத்தில் மழை'ன்னு நூறு பேர் எழுதும்போது, மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் தனித்தனியா சொல்றவர்தான் தனியா தெரிவார். திருவையாறுல கொட்டும்போது பேராவூரணியில் தூறல்கூட இருக்காதுங்கிறது இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் கத்தினோம், நவம்பரில் கஜா வந்தது

2018-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. அக்டோபர் 7-ம் தேதிக்கு தமிழகத்துக்கு 'ரெட் அலர்ட்'னு வானிலை மையம் அறிவிச்சது. அந்த ரெண்டு வார்த்தை போதாதா? சிவப்பு எழுத்து தம்ப்நெயில்கள் பறந்தன. கடைகளில் பாலும் பிரெட்டும் வாங்கக் கூட்டம். அப்புறம் அலர்ட் வாபஸ் ஆச்சு. மீம்ஸ் போட்டு எல்லாரும் சிரிச்சோம், நானும்தான்.

சரியா 40 நாள். நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. முதல்ல சென்னைப் பக்கம் போகும்னு சொல்லப்பட்டு, அப்புறம் தெற்கே திரும்பின புயல் அது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் ஒரே ராத்திரியில் சாய்ஞ்சு கிடந்தன. ஒரு தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு அங்கே யாரையாவது கேட்டுப் பாருங்க.

அக்டோபர் கூச்சல்தான் நவம்பர் சேதத்துக்குக் காரணம்னு நான் சொல்ல வரலை. காத்தை எந்தப் பதிவாலும் தடுக்க முடியாது. ஆனா, எல்லா மழைக்கும் 'பேய்மழை', எல்லா காத்துக்கும் 'ருத்ரதாண்டவம்'னு எழுதிட்டா, நிஜமாவே பேய் வரும்போது எழுத வார்த்தை மிச்சம் இருக்காது. படிக்கிறவங்களும், 'இவங்க எப்பவும் இப்படித்தான்'னு தள்ளிட்டுப் போயிடுவாங்க.

இத்தனைக்கும் இந்திய வானிலை ஆய்வுத்துறையோட வார்த்தைகளுக்குத் துல்லியமான அளவு இருக்கு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் இருந்து 115.5 வரை பெய்தால் கனமழை. 204.4 வரை போனால் மிக கனமழை. அதுக்கும் மேலே அதி கனமழை. மஞ்சள்னா கவனிச்சுக்கிட்டே இருங்க, ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, சிவப்புன்னா நடவடிக்கையில் இறங்குங்க. இதை அப்படியே எடுத்து, 'ஆரஞ்சு அலர்ட்: நாளை திருவாரூரில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை வரலாம்'னு ஒரு வரி எழுதினா, எந்த 'பேய்மழை'யையும்விட அந்தத் தலைப்பு நிக்கும். அதுல ஊர் இருக்கு, நாள் இருக்கு, எண் இருக்கு. என் சித்தப்பா கேட்ட கேள்விக்கு பதிலும் இருக்கு.

ஒரு விவசாயிக்கு இந்த மூணும் ஏன் முக்கியம்னா, அவர் அன்னைக்கு எடுக்கிற எல்லா முடிவும் அதுலதான் நிக்குது. மழைக்கு முன்னாடி யூரியா போட்டா கரைஞ்சு வாய்க்காலோட போயிடும். மருந்து அடிச்சா அதுவும் அப்படித்தான். வயல் ஈரமாயிட்டா டயர் வண்டி இறங்காது, வாடகை கூடுதலான பெல்ட் மெஷின்தான் வரணும். அறுத்த நெல்லுல ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல போனா, அரசு தளர்வு கொடுத்தாலொழிய நேரடி கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டாங்க. அப்புறம் ரோட்டுல கொட்டி, காய வெச்சு, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி பூரா காவல். இதெல்லாம் தெரிஞ்ச ஆள் எழுதுற பதிவு எப்படி இருக்கும், தெரியாத ஆள் எழுதுறது எப்படி இருக்கும்? வாசகரோட நாளைய வேலை என்னன்னு தெரிஞ்சா, தலைப்பு தானா வந்துடும்.

மேட்டூர் கதையும் இதேதான். '120 அடியை எட்டிய மேட்டூர் அணை'ன்னு வருஷா வருஷம் ஆயிரம் போஸ்ட் வரும், எல்லாத்துலயும் அதே 16 கண் மதகு படம். தண்ணி மேட்டூர்ல இருந்து கல்லணைக்கு வந்து சேரவே ரெண்டு, மூணு நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் எத்தனை நாள், எந்த ஆத்துல முறைப்பாசனம்னு எழுதுற போஸ்ட் எத்தனை பார்த்திருக்கீங்க? அந்த இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு. யாராவது புடிச்சுக்கோங்க.

'வாங்க வாங்க'ன்னு கூப்பிடுறது தப்பா?

தப்பே இல்லை. கூப்பிடத் தெரியாம நல்லா எழுதி என்ன பிரயோஜனம்? இதிலும் டெல்டாக்காரங்கதான் முன்னோடி. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ்.வாசன், விளம்பரத் தொழிலில் இருந்து வந்து, 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய்னு ஒரு கதை சொல்வாங்க. குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பரிசு கொடுத்து வாசகர்களை இழுத்தவர் அவர். இன்னைக்கு 'கமென்ட் பண்ணுங்க, கிஃப்ட் வெல்லுங்க'ன்னு சொல்றதுக்குத் தாத்தா அது. ஆனா, பரிசுக்கு வந்தவங்களைத் தங்க வெச்சது யாரு? மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலத்துல பிறந்த கல்கி. அவர் விகடனுக்கு எழுதின முதல் கட்டுரையோட தலைப்பு, 'ஏட்டிக்குப் போட்டி'. ரெண்டே வார்த்தை, அதுவும் வீட்டுல தினம் பேசுறது. பண்டிதத் தமிழ் கொடிகட்டின காலத்துல அது எவ்வளவு தனியா தெரிஞ்சிருக்கும்!

போட்டி கூட்டிட்டு வரும், எழுத்துதான் உட்கார வைக்கும். யூடியூபும் இதைத் தாமதமாத்தான் கத்துக்கிச்சு. 2012-ல்தான் வெறும் க்ளிக்கை விட்டுட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறாங்கன்னு கணக்கெடுக்க ஆரம்பிச்சது. பொய்த் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தவர் பத்து செகண்ட்ல வெளியே போனா, அது உங்களுக்குத்தான் மைனஸ். 2024 டிசம்பரில் இன்னொரு படி மேலே போய், தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் இல்லாததைச் சொல்லி ஏமாத்துற வீடியோக்கள்மீது, முக்கியமா பிரேக்கிங் நியூஸ் விஷயங்களில், இந்தியாவில் கடுமை காட்டப்போறதா அறிவிச்சாங்க. சட்டமும் இருக்கு. 2005-ம் வருஷத்து பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, பேரிடர் பத்திப் பீதி கிளப்புற பொய் எச்சரிக்கை கொடுத்தா ஒரு வருஷம் வரை சிறை. மழை போஸ்ட் போடுறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

டெல்டாவின் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துல இருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைச்ச 'வில்லேஜ் குக்கிங் சேனல்' உங்களுக்குத் தெரியாம இருக்காது. 2018-ல் ஆரம்பிச்சு, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல். அவங்க வீடியோவுல 'கடைசி வரை பாருங்க, அதிர்ச்சி காத்திருக்கு' எல்லாம் கிடையாது. வயல்வெளி, அம்மி, பெரிய பாத்திரம், 'இன்னைக்கு ஒரு புடி'. முடிச்சுட்டு ஊர்ப் பெரியவங்களுக்குச் சாப்பாடு. சொன்னதைச் செஞ்சு காட்டிட்டுப் போயிடுவாங்க.

இன்னைக்கு இருக்கிற புதுத் தலைவலி ஏ.ஐ. 'நாளைக்கு தஞ்சாவூரில் மழை வருமா?'ன்னு கூகுள்ல கேட்டா, உங்க பக்கத்துக்கு வராமலேயே மேலே சுருக்கமா பதில் வந்துடுது. எல்லாரும் எழுதினதையே திருப்பி எழுதுற பதிவுகளுக்கு இது பெரிய அடி. மெஷினால சுருக்க முடியாதது ஒண்ணுதான்: நீங்களே போய்ப் பார்த்தது. உங்க ஊர் கொள்முதல் நிலையத்து வாசல்ல எத்தனை நாளா மூட்டை நனையுது, எந்த மதகுல அடைப்பு, கடைத்தெருவில் மெஷின் வாடகை இன்னைக்கு என்ன விலை. நல்ல போன் கேமராவும் ஒரு டி.வி.எஸ் எக்ஸெலும் இருந்தா போதும்.

சித்தப்பா விஷயத்துக்கு வர்றேன். அந்த மெஷின் வாடகைக்கு அப்புறம், ஸ்கிரீன்ஷாட் அனுப்புறதை நிறுத்திட்டார். இப்போ நாலு பேஜ் மட்டும் ஃபாலோ பண்றார். ஏன் அந்த நாலுன்னு கேட்டேன். "இதுல ரெண்டு பேர், போன வாரம் தப்பாயிடுச்சு, மழை கடலுக்குள்ளயே போயிடுச்சுன்னு அவங்களே எழுதினாங்கடா" என்றார். போன வாரம் மறுபடியும் ஒரு 'பேய்மழை' ஃபார்வர்டு குரூப்புக்கு வந்தது. அத்தை போட்டது. சித்தப்பா கீழே வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்: "அது வேதாரண்யத்துக்கு, நமக்கு இல்ல. நெல்லைக் காய வை."