சிகிச்சைக் காலத்தில் சத்து மாத்திரைகள்: சங்கத்தின் நிலைப்பாடு

நம் புற்றுநோயாளர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பண உதவி செய்ய முன்வந்த சத்துப்பொருள் நிறுவனத்தின் நன்கொடையை ஏற்பதில்லை என்று செயற்குழு பெரும்பான்மை அடிப்படையில் முடிவு செய்திருக்கிறது. டே கேர் வார்டு வாசலில் விற்ற அந்த நிறுவனத்தின் 'கீமோ கிட்' சத்து மாத்திரைப் பெட்டி, அதை நம் வாட்ஸ்ஆப் குழுவிலேயே பரிந்துரைத்தவர்கள், இதையொட்டிப் பொதுக்குழுவில் மைக்கைப் பிடுங்கியது எல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரிந்த கதை. இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. சிகிச்சை நடக்கும்போது சத்து மாத்திரை சாப்பிடலாமா, இதில் சங்கம் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்குப் பதிலாகவே இந்த அறிக்கை வெளியிடப்படுகிறது.

சங்கம் சத்து மாத்திரைகளுக்கு எதிரி இல்லை. இந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்திய உறுப்பினர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. நுரையீரல் புற்றுக்குப் பெமெட்ரெக்செட் ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் கட்டாயம்; அவை இல்லாவிட்டால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆபத்தான அளவுக்குச் சரியலாம். இரைப்பையை முழுதாக எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க பி12 எடுத்தாக வேண்டும். கழுத்தில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, விழுங்க முடியாமல் மூக்கில் குழாய் போட்டிருப்பவருக்குப் புரதப் பொடி உணவேதான். இஞ்சிக்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான வாந்தி மாத்திரையோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் கீமோ நாளின் குமட்டல் குறைந்தது. ஆனால் பெமெட்ரெக்செட்டோடு கட்டாயமான அதே ஃபோலிக் அமிலம், கேப்சிடபின் கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு வயிற்றுப்போக்கையும் வாய்ப்புண்ணையும் கூட்டிவிடக்கூடும். ஒருவருக்கு மருந்தாக இருப்பது பக்கத்து நாற்காலிக்காரருக்கு வினையாகலாம். எல்லோருக்கும் ஒரே பெட்டி என்று விற்கிற 'கிட்'டை நாங்கள் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது 'கிட்'டில் இருக்கும் நரம்பு மாத்திரை. பாக்லிடாக்சல், டோசிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு விளக்க வேண்டாத விஷயம். விரல் நுனி மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட வராது. செருப்பு கழன்றுகிடக்கும், கால் அதை அறியாமல் நடந்துகொண்டிருக்கும். நம் உறுப்பினர்களில் பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மா, நார் விரலில் தட்டுப்படாததால், முடிச்சு விழுந்ததா என்று ஒவ்வொரு பூவாகக் கண்ணால் பார்த்துத்தான் கட்டுகிறார். ஒரு முழம் கட்ட முன்பைப்போல் இரண்டு மடங்கு நேரமாகிறது. அவரிடம்தான் "நரம்புக்கு நல்லதும்மா" என்று சொல்லி அந்தப் பெட்டியை விற்றிருக்கிறார்கள்.

பெட்டியிலிருந்த மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தோம். மெத்தில்கோபாலமின், பி6, ஆல்ஃபா லிபோயிக் அமிலம், கடைசியில் அசிட்டைல் எல்-கார்னிடின். இந்தக் கடைசிப் பெயரை உறுப்பினர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாக்லிடாக்சல் போன்ற டாக்ஸேன் வகை மருந்து ஏற்றிக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகள் 409 பேரிடம் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். மரமரப்பு வராமல் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு பாதிப் பேருக்குத் தினம் 3 கிராம் வீதம் 24 வாரம் இதைக் கொடுத்தார்கள். மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முடிவு 2013-ல் வந்தது. இதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மரமரப்பு அதிகம். தொடர்ந்து கவனித்ததில், இரண்டு ஆண்டு கழித்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை. கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்க இதைக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மரத்த கைக்கு மருந்து என்று, கையை மேலும் மரக்கவைக்கக்கூடியதைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள்.

பெட்டியிலிருக்கும் அளவு ஆய்வில் கொடுத்ததைவிடக் குறைவு, ஆகவே அதே தீங்கு நேரும் என்று சங்கம் உறுதியாகக் கூறவில்லை. இந்த வாக்கியம் மருத்துவ ஆலோசகர் கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்பட்டது. சேர்த்துவிட்டோம். குறைந்த அளவில் கீமோ மரமரப்புக்கு நன்மை செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு ஆய்வுத் தாளையாவது நிறுவனம் காட்டட்டும் என்பது எங்கள் வாக்கியம்.

பி6 சங்கதி இன்னும் விசித்திரம். அளவு மீறி நீண்ட நாள் உள்ளே போனால் பி6 தானே நரம்பைக் கெடுத்து மரமரப்பைத் தரும். பெட்டியில் ஒரு பி6, மருந்துச் சீட்டில் ஒரு பி காம்ப்ளெக்ஸ், மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த மல்டிவைட்டமினில் இன்னொன்று என்று மூன்று பக்கமும் சேர்கிறது. கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மாத்திரை கையில் இருக்கும் தைரியத்தில் நோயாளி மரமரப்பை ஓ.பி.யில் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கீமோ சைக்கிளில் அளவைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நரம்பைக் காப்பாற்ற டாக்டர் கையில் இருக்கிற வழி இதுதான். வலியோடு கூடிய மரமரப்புக்கு டுலாக்செட்டின் ஓரளவு உதவும், அதுவும் டாக்டர் எழுதித்தான். இந்த வாய்ப்பையெல்லாம் கெடுத்துவிட்டு ஆறு சைக்கிளும் முடிந்த பிறகு வந்து அழுதவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நரம்பு மாத்திரைகளை மருத்துவர்களிலும் சிலர் யோசிக்காமல் எழுதிக்கொடுக்கும் நிலை 'ஆங்காங்கே காணப்படுவதாக' செயற்குழு கருதுகிறது. முதல் வரைவில் இருந்த சொல் வேறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. மிளகுச் சாறு சேர்த்த குர்குமின் கேப்சூல் வேறு விவகாரம்: மிளகின் பிப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு உயர்கிறது என்று பெங்களூரில் நடந்த ஆய்வு 1998-லேயே காட்டியது. அதே பிப்பரின், பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளையும் தடுக்கும். சீந்தில் குடித்து ஈரல் வீங்கிய ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எது எப்படியோ, ஈரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் கீமோ தள்ளிப்போகும், அந்த நஷ்டம் நமக்கு. மைலோமா என்ற ரத்தப் புற்றுக்குப் போர்டெசோமிப் ஊசி போடுபவர்கள் கிரீன் டீ கேப்சூலைத் தொட வேண்டாம். அதிலுள்ள பொருள் மருந்தையே கட்டிப்போட்டுவிடுகிறது என்று ஆய்வகத்திலும் எலிகளிலும் 2009-ல் தெரிந்தது. முள்சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்று சுற்றும் ஃபார்வர்டு, ஆய்வகத் தட்டில் இருந்த செல்களைப் பற்றியது. அந்தச் செடியில் இருக்கும் அனோனாசின் நரம்புச் செல்லைத் தாக்கும் பொருள் என்பது ஃபார்வர்டில் வராது. 'வைட்டமின் பி17' என்று ஒரு வைட்டமின் கிடையாது. ஆப்ரிகாட் பருப்பிலிருந்து எடுத்து அந்தப் பெயரில் விற்கும் பொருள் வயிற்றில் சயனைடாக மாறும்.

பக்கவிளைவு குறைந்தால் போதாதா என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தலை, கழுத்துப் புற்றுக்குக் கரண்ட் வைத்த 540 பேரிடம் கனடாவில் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் சேர்த்து. கடுமையான பக்கவிளைவுகள் குறைவாகவே தெரிந்தன. ஆனால் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் இரண்டாவதாக வேறொரு புற்று வந்தவர்கள், போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம். 2005-ல் வெளியான முடிவு இது. வாய்ப்புண் ஆறியது என்று சந்தோஷப்படுவதா என்பதைக் கேட்டவரே சொல்லட்டும்.

இது சித்த மருத்துவத்துக்கு எதிரான அறிக்கையாகப் படிக்கப்படக் கூடாது என்று இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள். ஏற்கிறோம். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, கீமோ சீட்டையும் வாங்கிப் பார்த்துக் கொடுக்கும் மருந்து பற்றி இங்கே பேசவில்லை.

புற்றுநோய் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஆட்கள் மறைக்கிறார்கள் என்று குறைபடுகிறீர்கள். ஏன் மறைக்கிறார்கள்? "கண்டதையும் தின்னுட்டு வந்து நிக்கிறீங்க" என்று எல்லோர் முன்னாலும் ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறப்பாரா? டப்பாவைப் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள், லேபிளைப் படியுங்கள். கேஸ் ஷீட்டில் 'வேறு என்ன சாப்பிடுகிறார்' என்று ஒரு கட்டம் போதும். பயோட்டின் முடி மாத்திரையால் தைராய்டு ரிப்போர்ட் தப்பாக வருவது போன்றவை அந்தக் கட்டத்தில் பிடிபடும்.

விற்பவர்களிடம் எங்களுக்குப் பொறுமை இல்லை. பெட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதி கேட்கிறதே, அதற்காக. பெட்டியை விற்கிறவர் வாயில் மட்டும் வாய்ப்புண் ஆறும், ரத்த கவுன்ட் ஏறும், அடுத்த சைக்கிள் தள்ளிப்போகாது. மருந்து என்று சொன்னால் 1954-ம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம் பாயும். அதன் அட்டவணையில் புற்றுநோய் இருக்கிறது. வாயால் சொல்லும் அறிவிப்பும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். உணவு என்று சொன்னால் 2006-ம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 53-ம் பிரிவு, பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பெட்டியில் உணவு, பேச்சில் மருந்து என்று இரண்டுக்கும் நடுவில் நழுவத் தெரிந்தவர்கள் இவர்கள். அதைவிட வலிப்பது, நமக்கு முன்னால் சிகிச்சை முடித்தவர்களைப் பிடித்துக் கமிஷன் கொடுத்து விற்கவைத்தது. மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு, முடி முளைத்துத் திரும்பி வந்தவர் சொல்வதுதான் வேதம். அந்த நம்பிக்கைக்கு விலை போட்டிருக்கிறார்கள். கமிஷன் வாங்கிய உறுப்பினர்கள்மேல் நடவடிக்கை வேண்டாம், அவர்களும் ஏமாந்தவர்களே என்ற கருத்தே மேலோங்கியது. எல்லோரும் ஒப்பவில்லை.

இனி நம் குழுக்களில் எந்தச் சத்துப் பொருளையும் விற்கவோ விலை போடவோ கூடாது. மீறினால் ஒரு முறை எச்சரிக்கை, பிறகு நீக்கம். சத்துப்பொருள் நிறுவனங்களின் பணத்தில் விழா, முகாம், பை, பேனா எதுவும் வேண்டாம். உறுப்பினர்கள் தாங்கள் சாப்பிடும் எல்லாவற்றின் பெயரையும் அளவையும், கஷாயம் உட்பட, சிகிச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி ஒவ்வொரு ஓ.பி.யிலும் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டே நடக்கட்டும்.

'கீமோ கிட்' வாங்கியவர்கள் பெட்டியைச் சங்க அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். பாதி தீர்ந்திருந்தாலும், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செலுத்திய தொகையைத் திருப்பித் தரக் கோரி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது. இந்த அறிக்கை அச்சுக்குப் போகும்வரை பதில் இல்லை. ஒப்படைக்கப்படும் பெட்டிகளில் ஒன்று, லேபிளோடு, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அலுவலருக்குப் புகாருடன் அனுப்பப்படும்.