பத்து எண் மனதில் இருக்கட்டும்!



கடந்த ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு, ராஜபாளையத்தில் இருந்து அத்தையுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பர்சில் காசு எடுத்துக்கொள்ளவில்லை. பூவோ, பால்கோவாவோ, 'எல்லாத்துக்கும்தான் போன் இருக்கே' என்ற தைரியம்.

ரத வீதியில் தேர் அசைந்து வந்த அழகைப் படமெடுத்து, படமெடுத்தே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, சர்க்கரை நோய் உள்ள அத்தைக்கு வியர்த்துக் கொட்டி, தலை சுற்றியது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, 'சாமி பார்த்துட்டுத்தான் சாப்பிடுவேன்' என்று வந்திருந்தார். ஒரு கலர் வாங்கிக் கொடுக்கக்கூட என் கையில் காசில்லை.

பக்கத்தில் பூ விற்ற அம்மா, தன் காசில் கலர் வாங்கிக் கொடுத்து, தன் போனையும் நீட்டி, 'வீட்டுக்காரருக்குப் பேசும்மா' என்றார். வாங்கிவிட்டேன், ஆனால் நம்பர்? கல்யாணமாகி 20 வருஷம் ஆகிறது. என்னவர் நம்பரில் முதல் நாலு எண்ணுக்கு மேல் ஞாபகம் வரவில்லை. சற்றே தெளிந்த அத்தை, ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர், மகனின் பத்து எண்ணையும் மளமளவென்று சொன்னார். பூக்கார அம்மாவின் காசையும் தன் சுருக்குப் பையில் இருந்தே எடுத்துக் கொடுத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அதற்காக, 'அந்தக் காலம்தான் நல்லது' என்று சொல்ல மாட்டேன். ஆட்டுக்கல்லில் மாவாட்டியே கை ஓய்ந்தவர் என் அம்மா. 2011-ல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு மூச்சு வந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, கரன்ட் பில் கட்டுவதுகூட உட்கார்ந்த இடத்தில் முடிகிறது. சென்னையில் படிக்கும் மகளின் முகத்தைத் தினமும் பார்த்துப் பேசுகிறேன். இதையெல்லாம் விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லை.

ஆனால், 2012 மின்வெட்டு நினைவிருக்கிறதா? கிரைண்டர் இருந்தும், கரன்ட் எப்போது வரும் என்று காத்திருந்து மாவாட்டினோம். 2024 ஜூலை 19-ல், ஒரே ஒரு மென்பொருள் கோளாறால் உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பேனாவும் பேப்பரும் இருந்ததால் வேலை நடந்தது. நம் வீட்டில் அந்த மாற்று வழி இருக்கிறதா?

இப்போது என் பர்சில் எப்போதும் 200 ரூபாய் இருக்கிறது. அத்தையின் பையில், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும், எங்கள் நம்பர்களும் எழுதிய சீட்டோடு நாலு மிட்டாயும் இருக்கின்றன. இரண்டு நம்பர்களை நானும் மனப்பாடம் செய்துவிட்டேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆபத்தில் 112-ஐ அழைக்க, பூட்டிய போனிலும் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் வேலையைப் போன் சுமக்கட்டும், தப்பில்லை. நம் ஞாபகத்தையும் அதன் தலையில் முழுசாக ஏற்றிவிட வேண்டாம். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ராஜபாளையம்.