நாட்டுப்புறக் கதை நீதிப்பாடம் அல்ல

நாட்டுப்புறக் கதைகள் குழந்தைகளுக்கு நீதி புகட்டவே பிறந்தவை என்ற வாதம் பாடநூலைத் தாண்டினால் நிற்காது. ஆன்டி ஆர்னே 1910இல் தொடங்க, ஸ்டித் தாம்சனும் 2004இல் ஹான்ஸ் யோர்க் ஊத்தரும் விரிவாக்கிய கதைவகை அடைவில் விலங்குக் கதை, மாயக் கதை, முட்டாள் அரக்கன் கதை, சிரிப்புக் கதை, சங்கிலிக் கதை எல்லாம் உண்டு. சிலவற்றின் வாலில்தான் நீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏ.கே. ராமானுஜன் தொகுத்த ஒரு தமிழ்க் கதையைப் பார்க்கலாம். மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு விதவைத் தாய் நாளுக்கு நாள் பருத்துப்போகிறாள். பாழடைந்த வீடொன்றில் சுவர்களிடம் குறைகளைக் கொட்டுகிறாள். ஒவ்வொரு சுவராக இடிந்து விழ, அவள் உடலும் இளைக்கிறது. மகன்கள் தண்டிக்கப்படவில்லை, மருமகள்கள் திருந்தவும் இல்லை. இதில் எங்கே நீதி? வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்குக் கதை ஒரு வடிகால்.

மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் நாட்டுப்புற வழக்காறுகளுக்கு 1954இல் வகுத்த பணிகளில் கல்வி ஒன்றுதான்; பொழுதுபோக்கும், வழக்கங்களை நியாயப்படுத்துவதும், கட்டுப்பாட்டைக் காப்பதும் மற்றவை. கி. ராஜநாராயணன் திரட்டிய பாலியல் கதைகள் எந்த வகுப்பறைக்கும் உரியவை அல்ல; அவையும் மக்கள் சொன்னவைதான்.

குழந்தைகளுக்கானவை என்ற தோற்றம் பெரும்பாலும் பதிப்பாசிரியர்கள் பூசியது. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள்.