டென்மார்க்கைப் புகழ்வோர் மறைக்கும் டென்மார்க்

உலகின் மகிழ்ச்சியான நாடுகள் என்றொரு பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது. அதன் முன்வரிசையில் டென்மார்க் தவறாமல் இடம்பெறுகிறது. உடனே முதலாளித்துவ ஏடுகள் புகழ்மாலை தொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. மிதிவண்டியில் அலுவலகம் செல்லும் அமைச்சர், லஞ்சம் வாங்காத அதிகாரி, ஒருவரையொருவர் நம்பும் மக்கள் என்று அந்தச் சித்திரம் விரிகிறது. அதில் ஒரு முதலாளியும் இல்லை, ஒரு தொழிலாளியும் இல்லை. எல்லோரும் வெறும் டேனியர்கள்!

சமூகவியல் நூல்களிலும் இதே கதைதான், சற்றுக் கனமான சொற்களில். ‘வரலாற்றின் முடிவு’ பற்றி 1989இல் எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க அறிஞர் ஃபிரான்சிஸ் ஃபுகுயாமா, 2011இல் வெளிவந்த தமது நூலில் ‘டென்மார்க்கைச் சென்றடைதல்’ என்பதையே நல்லாட்சிக்கான குறியீடாக்கினார். டென்மார்க் எப்படி டென்மார்க் ஆனது? லூதரன் சமயச் சீர்திருத்தம், உழவர்களின் எழுத்தறிவு, 1849ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் என்று விடை வருகிறது. இவையெல்லாம் பொய் அல்ல. ஆனால் அந்த நாட்டுத் தொழிலாளி வர்க்கத்தின் வாழ்வைத் தீர்மானித்த ஆண்டு 1849 அல்ல, 1899.

இந்தியாவில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு வக்காலத்து வாங்குவோருக்கும் டென்மார்க் ஒரு வசதியான சான்று. அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இல்லை. ஆட்களை எளிதில் எடுக்கலாம், எளிதில் நீக்கலாம். ஆயினும் நாடு செழிக்கிறது என்பது வாதம். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவை என்ற வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்தியவர்களுக்கு இந்தப் பாதி உண்மையே போதுமானதாக இருக்கிறது. மீதிப் பாதி என்ன? அங்கே குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் நிர்ணயிக்காததற்குக் காரணம், தொழிற்சங்கம் நிர்ணயிக்கிறது என்பதே. உழைப்பாளரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சங்க உறுப்பினர்கள். வேலை இழந்தவர் காப்பு நிதியில் உறுப்பினராக இருந்தால் இரண்டாண்டு வரை உதவித்தொகை பெறுகிறார். உச்சவரம்புக்கு உட்பட்டு அது பழைய ஊதியத்தின் 90 சதவீதம் வரை இருக்கலாம். அந்த நிதிகளும் தொழிற்சங்க இயக்கத்தின் மடியில் வளர்ந்தவையே.

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1980களில் அங்கே கடை விரித்தபோது கூட்டு ஒப்பந்தத்தில் சேர மறுத்தது. சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்தியவர்கள் தொழிலாளர்கள். சரக்கை இறக்கமாட்டோம், விளம்பரத்தை அச்சிடமாட்டோம், லாரி ஓட்டமாட்டோம் என்று பிற துறைத் தொழிற்சங்கங்கள் ஆதரவு வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிறுவனம் பணிந்தது. டென்மார்க்கை உதாரணம் காட்டும் நம் நாட்டுப் பொருளாதார மேதைகள் இந்த ஆதரவு வேலைநிறுத்த உரிமையையும் சேர்த்து இறக்குமதி செய்வார்களா?

நூறு நாள் கதவடைப்பு

1899 மே மாதத்தில் டேனிஷ் முதலாளிகள் சங்கம் ஒரு முடிவெடுத்தது. யூட்லாந்து நகரங்களில் தச்சர்கள் நடத்திய சிறு வேலைநிறுத்தத்தைச் சாக்காக வைத்து நாடு முழுவதும் கதவடைப்பு அறிவித்தது. சுமார் 40,000 தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். ஓராண்டுக்கு முன்புதான் உருவாகியிருந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பை முளையிலேயே கிள்ளிவிடுவது நோக்கம். நூறு நாள் பட்டினிக்குப் பிறகும் தொழிலாளர் அணி உடையவில்லை. செப்டம்பர் 5 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சங்கம் சேரும் உரிமையை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். வேலையை நிர்வகித்துப் பங்கிடும் அதிகாரம் முதலாளிகளுக்கே உரியது என்பதைத் தொழிலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். முழு வெற்றி அல்ல. ஆயினும் இன்று ‘டேனிஷ் மாதிரி’ என்று பாராட்டப்படுவதன் அடிக்கல் அதுவே.

சமூகவியலர் மறந்ததை இலக்கியம் மறக்கவில்லை. கோபன்ஹேகன் சேரியில் 1869இல் பிறந்து, மாடு மேய்த்து, செருப்புத் தைக்கக் கற்ற மார்ட்டின் ஆண்டர்சன் நெக்ஸோ, 1906 முதல் 1910 வரை ‘வெற்றியாளன் பெல்லே’ என்ற நாவலை நான்கு பாகங்களாக எழுதினார். சுவீடனிலிருந்து கூலி வேலை தேடி போர்ன்ஹோம் தீவுக்குக் கப்பலேறும் முதிய லாஸேயும் அவன் சிறுவயது மகன் பெல்லேயும் ஒரு பெரும் பண்ணையில் மாட்டுத் தொழுவத்து ஆட்களாகச் சேர்கிறார்கள். முதல் பாகம் அந்தப் பண்ணை அடிமை வாழ்வைச் சொல்கிறது. மூன்றாம் பாகத்தின் பெயரே ‘மாபெரும் போராட்டம்’. அதில் பெல்லே கோபன்ஹேகன் தொழிலாளர்களின் தலைவன். போராட்டத்தின் விலையை நெக்ஸோ மறைக்கவில்லை: பட்டினியில் பிள்ளைகளைக் காக்க பெல்லேயின் மனைவி எல்லென் தன் உடலை விற்க நேர்கிறது, போராட்டம் வென்ற வேளையில் பெல்லே பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்குப் போகிறான். நலத்திட்டம் என்பது கருணை மிகுந்த ஆட்சியாளர் அளித்த வரம் என்று கருதுவோர் இந்தப் பாகத்தைப் படிக்க வேண்டும்.

படிக்கமாட்டார்கள், படம் பார்த்திருப்பார்கள். பில்லெ ஆகஸ்ட் 1987இல் எடுத்த படம் கான் விழாவின் தங்கப் பனையையும் ஆஸ்கரையும் வென்றது. நல்ல படம்தான். ஆனால் அது முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறது. தந்தையைப் பிரிந்து சிறுவன் பனிவெளியில் நடக்கிறான், படம் முடிகிறது. அவன் நடந்து எங்கே போனான் என்பது உலகம் கொண்டாடிய அந்தப் படத்தில் இல்லை. வறுமை விருதுக்குரியது, வேலைநிறுத்தம் அப்படியல்ல போலும்!

நெக்ஸோ தனியாள் அல்லர். யெப்பே ஓக்யேர் 1904இல் எழுதிய ‘சினத்தின் குழந்தைகள்’ நாவல், பண்ணை வேலைக்காரர்களை எஜமானர்கள் நடத்திய விதத்தை அம்பலப்படுத்தி நாட்டையே விவாதத்தில் ஆழ்த்தியது. இளவயது வேலைக்காரரை அடிக்க எஜமானுக்குச் சட்டமே உரிமை கொடுத்திருந்தது. 1921 வரை அது நீடித்தது. எழுத்தறிவு பெற்ற உழவர்களின் சமத்துவ நாடு என்று போற்றப்படுவது இந்த நாட்டைத்தான்.

ஐனநாயகத்தின் விதிவிலக்கு

நாஜிப் படைகள் டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த 1941 ஜூன் மாதம், சோவியத் யூனியன் தாக்கப்பட்ட அதே நாளில், கம்யூனிஸ்டுகளைக் கைது செய்யத் தொடங்கியது டேனிஷ் காவல்துறை. ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. முன்பு நடந்த கைதுகளுக்கும் அது பின்தேதியிட்டுப் பொருந்தியது. ஒருமனதாக நிறைவேறியதில் வியப்பில்லை. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய மூன்று கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் ஒருவருக்கும் அவையில் இடமில்லாமல் செய்திருந்தார்கள். கைதானவர்களில் எழுபது வயதைத் தாண்டிய நெக்ஸோவும், ‘மீனவர்கள்’ நாவலாசிரியர் ஹான்ஸ் கிர்க்கும் இருந்தனர். 1943 அக்டோபரில் 150 கம்யூனிஸ்டுகள் ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹான்ஸ் ஷெர்ஃபிக் 1962இல் எழுதிய ‘ஃப்ரூடன்ஹோம்’ நாவல் இந்தத் துரோகத்தின் ஆவணம். மகிழ்ச்சிக் குறியீட்டில் இதற்கு இடமில்லை.

2018இல் கொண்டுவந்த ‘கெட்டோ’ சட்டங்கள் அண்மைக்காலக் கதை. ‘மேற்கத்தியர் அல்லாத’ பூர்வீகமுடையோர் பாதிக்கு மேல் வசிப்பதும், வேலையின்மை, கல்வி, வருமானம் போன்ற அளவைகளும் சேர்ந்தால் அந்தக் குடியிருப்பு குறிவைக்கப்படும். சில பகுதிகளில் பொதுக் குடும்ப வீடுகளின் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். வீடுகள் இடிபடும் அல்லது விற்கப்படும். வலதுசாரி அரசு கொண்டுவந்ததை சமூக ஜனநாயகவாதிகள் ஆதரித்தார்கள். நெக்ஸோ பிறந்த சேரியை இடித்துக் கட்டியவர்களின் வாரிசுகள், இன்று ஏழைகளின் பூர்வீகத்தைக் கணக்கெடுக்கிறார்கள்.

2023இல் அவர்கள் இன்னும் ஒரு படி சென்றார்கள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் இருந்த ‘பெரும் பிரார்த்தனை நாள்’ பொது விடுமுறையை ஒழித்து, அந்த நாளின் உழைப்பால் வரும் வருவாயைக் கொண்டு ராணுவச் செலவை உயர்த்துவது என்று முடிவு செய்தார்கள். பல்லாயிரம் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களின் அழைப்பில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டும் சட்டம் நிறைவேறியது. 2025இல் ஓய்வூதிய வயதை 2040க்குள் 70 ஆக்கும் சட்டமும் வந்தது. இரண்டின்போதும் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன். அச்சுக்கோப்புத் தொழிலாளியின் மகள். தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பணியாற்றியவர்.

நெக்ஸோவுக்கு இது புதிதாக இருந்திராது. 1945இல் அவர் வெளியிட்ட ‘சிவப்பு மோர்ட்டன்’ நாவலில் பெல்லே மீண்டும் வருகிறான். கதவடைப்பை எதிர்த்து நின்ற அந்தப் பெல்லே இப்போது வசதியாக வாழும் சமூக ஜனநாயகத் தலைவன். அவனுடைய இளமைத் தோழன் மோர்ட்டன் அவனை விட்டு விலகிப் புரட்சியின் பக்கம் போகிறான்.