இருபத்து நான்கு சொற்களுக்கு யார் காவல்?

பெங்களூருக் கிளையொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், கணவரை இழந்த பெண்மணி ஒருவர் தம் மகனுடன் வந்திருந்தார். இறப்புச் சான்றிதழ், வைப்புத்தொகை ரசீதுகள், பெட்டகச் சாவி ஆகியவற்றை ஓர் உறையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தார். வைப்புத்தொகைக்கும் பெட்டகத்துக்கும் அவர் கணவர் முறையாக வாரிசு நியமனம் செய்திருந்தார். ஆகவே, அவற்றைத் தீர்த்துவைப்பதில் எங்களுக்குச் சிரமம் ஏதும் இருக்கவில்லை. கடைசியாக அதே உறையிலிருந்து பென் டிரைவ் போன்றதொரு சிறு கருவியை எடுத்தார். “இதிலும் பணம் இருப்பதாக அவர் சொல்லியிருந்தார். இதற்கு எந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், சார்?” என்று கேட்டார்.

அதற்குப் படிவம் எதுவும் இல்லை. அது கிரிப்டோ நாணயங்களுக்கான ஹார்டுவேர் வாலட். அதன் பின் எண் அவருக்குத் தெரியாது. மீட்புச் சொற்களை எழுதிய தாளை வீடு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. அந்தச் சொத்து இன்றும் இருக்கக்கூடும். ஆனால், அதை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் எந்த வங்கிக்கும் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

கிரிப்டோ நாணயங்களை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றின் அபாயங்கள் குறித்து ரிசர்வ் வங்கி பலமுறை எச்சரித்துள்ளது. நம் நாட்டில் அவை சட்டப்பூர்வமான செலாவணி அல்ல. எனினும், அவற்றில் கிடைக்கும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 விழுக்காடு வருமான வரி விதிக்கப்படுகிறது. நம் வாடிக்கையாளர்களில் பலர் அவற்றை வைத்திருக்கிறார்கள் என்பதை மறுத்துப் பயனில்லை. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஹார்டுவேர் வாலட்டைக் கையில் எடுப்பவர், ஒரு வங்கி செய்யும் காவல் பணி முழுவதையும் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார். அதை உணர்ந்து ஏற்பவர்க்கே அக்கருவி பாதுகாப்பு. உணராதவர்க்கு அது பூட்டிய பெட்டியே.

கருவி எதைக் காக்கிறது?

நாணயங்கள் கருவிக்குள் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவை உண்மையில் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் உள்ள பதிவுகள். அப்பேரேட்டில் நம் பெயரால் பற்று எழுதும் உரிமையைத் தருவது ஓர் இரகசியச் சாவி. ஹார்டுவேர் வாலட் அந்தச் சாவியை இணையத்திலிருந்து விலக்கி வைக்கிறது. பரிவர்த்தனைக்கான ஒப்பம் கருவிக்குள்ளேயே இடப்படுகிறது. கணினிக்குச் சென்று சேர்வது ஒப்பம் மட்டுமே. கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவி களவு போவதில்லை.

பரிமாற்றகங்களில் விட்டுவைக்கும் நாணயங்களுக்கு இந்த அரண் இல்லை. அங்கே சாவி அவர்களிடம் இருக்கிறது. ஜப்பானில் 2014-இல் மவுண்ட் காக்ஸ் வீழ்ந்தபோதும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானபோதும், வாடிக்கையாளர்கள் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. ஆகவே, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள ஒருவர் விரும்புவதில் நியாயம் உண்டு.

அந்தச் சாவிக்கு மூலம், கருவியை முதன்முறை இயக்கும்போது திரையில் தோன்றும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். பெரும்பாலான கருவிகளில் இவை 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், இச்சொற்களை அதே வரிசையில் வேறொரு கருவியில் இட்டுச் சொத்து முழுவதையும் மீட்கலாம். இச்சொற்கள் பிறர் கையில் கிடைத்தால், உங்கள் கருவியும் பின் எண்ணும் இன்றியே அவர் அனைத்தையும் எடுத்துக்கொள்ளலாம். கருவியை மீண்டும் விலைக்கு வாங்கலாம். உண்மையான பெட்டகம் அந்தத் தாள்தான்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குக. பிறர் பயன்படுத்தியது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மீட்புச் சொற்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்ட அட்டையுடன் பெட்டி வந்தால், அது மோசடி என்று உறுதியாகக் கொள்ளலாம். சொற்கள் உங்கள் கண்முன், கருவியின் திரையில்தான் பிறக்க வேண்டும்.

அவற்றைப் பேனாவால் தாளில், வரிசை எண்ணுடன் தெளிவாக எழுதுக. கைபேசியில் படம் எடுப்பதும், வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பிக்கொள்வதும், மின்னஞ்சலில் சேமிப்பதும் கூடாது. அவ்வாறு செய்தால், இணையத்திலிருந்து விலக்கி வைக்கவே வாங்கிய சாவியை நாமே இணையத்தில் ஏற்றியவர்களாவோம். தீக்கும் நீருக்கும் அஞ்சுவோர் எஃகுத் தகட்டில் பொறித்து வைக்கிறார்கள். அது நல்ல வழக்கம்.

அடுத்து, பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி ஒன்று உண்டு. இருப்பை எண்ணிச் சரிபார்க்காமல் எந்தக் காசாளரும் பெட்டகத்தைப் பூட்டுவதில்லை. நீங்களும் முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் கருவியின் முகவரிக்கு அனுப்புங்கள். பின்னர் கருவியை முழுவதுமாக அழித்து, தாளில் எழுதியுள்ள சொற்களைக் கருவியிலேயே இட்டு மீட்டுப் பாருங்கள். அதே தொகை மீண்டும் தெரிந்தால் உங்கள் தாள் சரியானது. அதன் பிறகே பெருந்தொகையை மாற்ற வேண்டும்.

அச்சொற்களை உங்களிடம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. 2020-இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்து, 2,70,000-க்கும் மேற்பட்டோரின் பெயரும் முகவரியும் வெளியாயின. மறு ஆண்டு, அவர்களில் சிலருக்குப் போலிக் கருவிகளே அஞ்சலில் வந்து சேர்ந்தன. ‘பாதுகாப்பு கருதிப் புதிய கருவி அனுப்பியுள்ளோம், உங்கள் சொற்களை இதில் இடுக’ என்பது உடன் வந்த அறிவுரையின் சாரம். ஓடிபி-யைக் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரர் என்று வங்கிகள் ஓயாமல் சொல்லிவருகின்றன. இங்கும் அதே விதிதான்.

வாசிக்காமல் ஒப்பமிடலாகாது

2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. ஒப்பமிட்ட அலுவலர்களிடம் ஹார்டுவேர் வாலட்டுகள் இருந்தன. ஆனால், கணினித் திரை காட்டியது வழக்கமான மாற்றம். அவர்கள் ஒப்பமிட்டதோ வேறொன்று. வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுபவரை எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது.

ஆகவே, கணினித் திரையை நம்பாமல் கருவியின் திரையில் தோன்றும் முகவரியையும் தொகையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. திரையில் காண்பது விளங்காவிட்டால் ஒப்பமிடாமல் விலகுக. வங்கிக் கணக்கில் மூன்றாம் நபரின் மோசடியால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி நெறி வகுத்தது. பிளாக்செயினில் அத்தகைய நெறி இல்லை. 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்வது அவசியமே. ஆனால், ஒப்பமிட்ட பரிவர்த்தனையைத் திருப்பித் தரும் கை அங்கே இல்லை.

காவலும் வாரிசும்

வங்கிக் கிளையின் ரொக்கப் பெட்டகத்தை ஒருவர் தனியே திறக்க இயலாது. இருவர் பொறுப்பில் இரு சாவிகள் இருக்கும். மாற்றுச் சாவிகள் வேறொரு கிளையில் முத்திரையிட்டுப் பாதுகாக்கப்படும். ஒருவரின் பேராசையும் ஒருவரின் மறைவும் வங்கியை நிறுத்திவிடக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

இதே நெறியை வீட்டுக்கும் கொள்ளலாம். சொற்களின் முழுப் படிகள் இரண்டு, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். கருவியும் தாளும் ஒரே இடத்தில் வேண்டாம். 24 சொற்களை இரு பாதியாகப் பிரித்து வைப்பது அறிவுடைமை என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் தொலைந்துவிடும். ஒரு படியை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். ஆயினும், அதனுள் என்ன இருக்கிறது என்பதை வங்கி அறியாது என்பதையும், தீயாலோ திருட்டாலோ இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்குக்கு உட்பட்டது என்பதையும் அறிந்து வைக்க வேண்டும்.

“குடும்பத்தாரிடம் சொன்னால் இரகசியம் என்னாவது?” என்று சிலர் கேட்கிறார்கள். சொத்து இருப்பதை அறிவது வேறு. சொற்களை அறிவது வேறு. கருவி எங்கே, தாள் எங்கே, யாரை நம்பி உதவி கேட்கலாம் என்பதை ஒரு கடிதமாக எழுதி, வாங்கிய விலைக்கான ஆவணங்களுடன் வையுங்கள். ஆதாயத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலையை மட்டுமே கழிக்க வரிச்சட்டம் இடம் தருவதால் அவ்வாவணங்கள் வாரிசுக்கும் தேவைப்படும். உயிலில் சொத்தைக் குறிப்பிடுங்கள். சொற்களை ஒருபோதும் எழுதாதீர்கள், ஏனெனில் உயில் பலர் கண்ணில் படும் ஆவணம். துணைவரையோ வளர்ந்த பிள்ளையையோ அருகில் அமர்த்திக்கொண்டு, முன்பு சொன்ன மீட்புச் சோதனையை ஒருமுறை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.

2025 நவம்பர் முதல் வங்கி வைப்புத்தொகைக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஹார்டுவேர் வாலட்டில் அந்தக் கட்டம் இல்லை. அதை நீங்களே எழுதி நிரப்ப வேண்டும். இவற்றையெல்லாம் செய்ய மனமில்லாதவர் அக்கருவியை வாங்காதிருப்பதே நன்று என்பது என் கருத்து.

அந்தப் பெண்மணி தம் பெயரில் ஒரு பெட்டகம் எடுத்து, கருவியை அதில் வைத்துவிட்டுச் சென்றார். நான் அக்கிளையில் இருந்தவரை, ஆண்டு வாடகை செலுத்த அவர் வரும்போதெல்லாம் தாள் கிடைத்ததா என்று கேட்பேன். “இன்னும் இல்லை, சார்” என்பார்.