மடமும் ஒரு குணமா?

அமெரிக்காவில் 2013-ம் வருஷத்தில் வெளிவந்த இளவயதினர் காதல் கதை ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத முன்வருகின்றோம். "பகுத்தறிவுப் பத்திரிகைக்குக் காதல் கதையில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக் கூடும். கதை என்னவோ கோடை விடுமுறையில் பொழுது போவதற்காகப் படிக்கக் கூடியதுதான். ஆனால் அதிலுள்ள சங்கதி நம் வீட்டுச் சங்கதியாகவும் இருப்பதால் எழுதுகின்றோம்.

லியா ரே மில்லர் என்னும் அம்மையார் எழுதிய அக்கதைக்கு ‘தி சம்மர் ஐ பிகேம் எ நெர்ட்’ என்று பெயர். கதாநாயகி 17 வயதுப் பெண். பள்ளிக்கூடப் பந்தாட்டத்தில் கோஷம் போட்டு ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்தும் கோஷ்டியைச் சேர்ந்தவள். பேர்போன ஆட்டக்காரப் பையனே அவளுக்குத் துணை. ஆனால் அவளுக்கு உயிர் படக்கதைப் புத்தகங்களின் மீது. அதை வெளியில் சொல்ல நடுங்குகிறாள். படக்கதைக் கடைப் பையன் ஒருவனிடம் குட்டு வெளிப்பட்டுப் போகிறது. அவனோடு பழகப் பழக, மறைத்து வைத்த காரியமே தனக்கு மெய்யான சந்தோஷம் என்று காண்கிறாள். ஆனாலும் மற்றவர்களுக்குப் பயந்து பொய்க்கு மேல் பொய் சொல்லி, அவனையே இழந்துவிடும் நிலைமைக்கு வருகிறாள்.

‘நெர்ட்’ என்பது கேலிச் சொல். 1950-ல் டாக்டர் சூஸ் என்பவரின் குழந்தைப் புத்தகத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் பெயராக அது அச்சில் வந்தது. 1951-ல் டெட்ராய்ட் நகரத்து வாலிபர்கள் மனிதரையே அப்படிச் சொல்லி ஏசுவதாக ‘நியூஸ்வீக்’ பத்திரிகை எழுதிற்று. பிற்பாடு, புத்தகத்திலும் கணக்கிலும் யந்திரத்திலும் மூழ்கிக் கிடப்பவர்களுக்கெல்லாம் அதையே சூட்டிவிட்டார்கள்.

நாம் கேட்கின்றோம்: அந்தப் பெண் திருடினாளா? யாரையாவது கெடுத்தாளா? படித்தாள், அவ்வளவுதான். படித்ததற்கு வெட்கப்பட வேண்டும், படிக்காததற்குப் பெருமைப்படலாம் என்றால் இது எந்த ஊர் நியாயம்? பள்ளிக்கூடத்திலும் மேல் வரிசை, கீழ் வரிசை என்று பிள்ளைகளே ஒரு வருணாசிரமம் கட்டிக்கொண்டு, அதற்குத் தாங்களே பயப்படுகிறார்கள். மனு எழுதாத ஊரிலும் மனுதர்மம் முளைக்கத்தான் செய்கிறது!

"படக்கதையும் ஒரு அறிவா? அதில் மனிதன் ஆகாயத்தில் பறக்கிறானே!" என்று ஒருவர் கேட்கலாம். பறக்கிறான்தான். சூப்பர்மேன் என்பவர் 1938-ல் படக்கதையில் தோன்றியவர். ஜெர்ரி சீகல் என்பவர் கதை எழுதினார்; ஜோ ஷஸ்டர் என்பவர் படம் போட்டார். படிக்கும் சிறு பிள்ளைக்கும் இது கற்பனை என்று தெரியும். அவர் பறந்ததை நம்பாதவனை நாஸ்திகன் என்று யாரும் அடிப்பதில்லை. அவர் பேரால் தட்டில் காசு விழுவதுமில்லை. நம் புராணங்களையும் இப்படியே கதை என்று சொல்லிப் படித்தால் நமக்கு என்ன ஆட்சேபணை?

அறிவை மறைப்பது இந்த ஒரு பெண்ணின் கதையும் அல்ல. பாரிசில் 1794-ல் ஏற்பட்ட உயர்தர விஞ்ஞானப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. சோஃபி ஜெர்மேன் என்னும் பெண் லெ பிளாங் என்ற ஆண் பெயரில் கணக்குகளை எழுதி லக்ராஞ்ச் என்ற கணித பண்டிதருக்கு அனுப்பினார். அதே பெயரில் காஸ் என்ற ஜெர்மானியருக்கும் எழுதினார். ஆண் என்று எண்ணி மெச்சிய காஸ், 1807-ல் பெண் என்று அறிந்தபின் அதிகமாகவே மெச்சினார். 1816-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவருக்குப் பரிசளித்தது. மூளை மாறவில்லை, பெயர்தான் மாறிற்று.

1946-ல் மிர்ரா கொமரோவ்ஸ்கி என்ற அம்மையார் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களை விசாரித்து எழுதியதில், 100-க்கு 40 பேர் ஆண் நண்பர்களிடம் எப்போதாவது மூடர்போல் நடித்ததாக ஒப்புக்கொண்டார்கள். வாங்கிய மார்க்கைச் சொல்லாமல் மறைத்தார்கள். தெரிந்ததைத் தெரியாது என்றார்கள்.

அங்கே இது நடிப்பு. நம் நாட்டிலோ இதையே லட்சணம் என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே எழுதி வைத்தார்கள். அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். மடம் என்றால் என்ன? அறிந்திருந்தும் அறியாதவள்போல் இருப்பது என்று பொருள் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆண் இப்படி நடித்தால் அவனைக் கள்ளன் என்போம்; பெண் நடித்தால் குணவதி என்கிறோம்.

நம்மவர் நிலைமை என்ன? சமீபத்தில் ஒரு தோழர் வீட்டிற்குப் போயிருந்தோம். மேடையில் பெண் விடுதலை பேசுகிறவர் அவர். கிரகணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாம் ஒரு தப்பு சொன்னோம். அவர் மகள் அதைத் திருத்தினாள். நமக்குச் சந்தோஷம், தகப்பனாருக்கோ முகம் சுருங்கிற்று. பெண் உள்ளே போய்விட்டாள். "மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். அதிகம் பேசாதே என்று சொல்லி வைத்திருக்கிறோம்" என்றார் தாயார். ஜாதகம் வேண்டாம் என்ற வீட்டில் மடம் மட்டும் வேண்டியிருக்கிறது!

அக்கதையிலும் நமக்கு ஒரு குறை உண்டு. தன் விருப்பம் வெட்கப்படத்தக்கதல்ல என்று அப்பெண் அறிவதற்கு ஒரு பையன் வரவேண்டியிருக்கிறது. அந்தத் துணிவு தன்னிடமிருந்தே வரவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் காதலைப் பற்றி அக்கதை சொல்வது சரியே. மறைத்துக்கொண்ட பெண்ணைக் காதலிக்கிறவன் அவள் போட்ட வேஷத்தைத்தான் காதலிக்கிறான். அவள் அறிவைக் கண்டு பயப்படுகிறவனுக்கு வேண்டியது துணைவியல்ல; வேலைக்காரி.

சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் சென்னைச் சட்டசபை சட்டம் செய்தது. புரோகிதரை விலக்கச் சட்டம் வந்துவிட்டது. மடத்தை விலக்க எந்தச் சட்டமும் வராது. அதை வீட்டில் நாமேதான் செய்ய வேண்டும். ஆகவே தோழர்களே! பெண் பார்க்கப் போகும்போது பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பதை விட்டு, "நீ என்ன படிக்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். அதற்குமுன் உங்கள் சொந்த மகளைக் கேளுங்கள். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவள் புத்தகத்தை மறைத்தால், மேடையில் நீங்கள் பேசியதெல்லாம் வெறும் பேச்சே என்று அறியுங்கள்.