தளை தட்டிய இடம் யாது?

மாணவனுக்கு மரபை மீறும் உரிமை உண்டா என்னும் வினாவைத் தமிழ் மேடைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பி வருகின்றன. ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934இல் மணிக்கொடியில் வெளிவந்தது, சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தோன்றியது; எல்லைக்கு அப்பாலுள்ள கோவையில் 1971இல் 'வானம்பாடி' சிறகு விரித்தது. இத்தனைக்குப் பின்னும் அவ்வினாவையே கேட்டுக்கொண்டிருப்பது நம் சோம்பலேயன்றி வேறில்லை. கேட்கவேண்டிய வினா வேறு. மீறுவதற்குரிய மரபை மாணவன் கையில் நாம் என்றேனும் கொடுத்தோமா?

கொடுக்கவில்லை என்பதே நம் கட்சி. வகுப்பறையில் நாம் கற்பிப்பது யாப்பன்று, அலகிடுதல். எவரோ என்றோ பாடிய வெண்பாவைக் கூறு கூறாக அறுத்து, நேர் எது, நிரை எது, ஈற்றுச்சீர் நாளா மலரா என்று எழுதச் சொல்கின்றோம். சொந்தமாக ஒரு வெண்பா கட்டிப் பார் என்று எத்தனை ஆசிரியர் சொல்லியிருக்கின்றோம்? தச்சுப் பட்டறையில் பழைய நாற்காலியைப் பிரித்துக் காட்டிவிட்டு, உளியை மட்டும் பூட்டி வைப்பது போன்றதே இது.

இதன் விளைவைச் சித்தூர் வட்டத்துப் போட்டியொன்றில் நடுவராக இருந்தபோது கண்டோம். ஆளியாற்று நீர் காலத்தில் வந்து சேராமை பற்றி மாணவன் ஒருவன் வெண்பா எழுதியிருந்தான். அதில் 'ஆற்று நீரை' என்று ஓரிடம். தேமா முன் நேர் வந்தமையால் வெண்டளை பிழைத்தது. உடனிருந்த பெரியவர் சிவப்பு மையால் ஒரு கோடிழுத்து அத்தாளை ஒதுக்கினார். பரிசோ, நாளிதழ்ச் செய்தி போன்ற நான்கு வாக்கியங்களைப் பதினாறு வரிகளாக ஒடித்து எழுதிய வேறொருவனுக்குப் போயிற்று. அது புதுக்கவிதையாம், ஆகவே அதற்கு இலக்கணம் பார்க்கவேண்டியதில்லையாம்!

முன்னவன் பின்னர் நம்மிடம் வந்து, தளை எங்கே தட்டியது என்று கேட்டான். சொன்னோம். 'ஆற்றுப் புனலை' என்று மாற்றினால் தேமா முன் நிரை வந்து இயற்சீர் வெண்டளை அமையும் என்றும் சொன்னோம். இருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். "எங்கள் ஊரில் யாரும் புனல் என்று சொல்வதில்லை, ஐயா, நீரென்றே இருக்கட்டும்" என்றான். தளை தட்டியது தட்டியபடியே நின்றது. ஆயினும் முன்பு அறியாமையால் தட்டியது. இப்போது அவன் அறிந்து தட்ட விட்டான். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவே படைப்புரிமை என்று நாம் கொள்கின்றோம். சிவப்புக் கோடும் அதனை அவனுக்கு அளிக்கவில்லை. 'எப்படியும் எழுது' என்னும் போலித் தாராளமும் அளிக்காது.

மரபு காப்போர் நம்மீது சினப்பர். அவர்களை நாம் தொல்காப்பியத்துக்கே அழைக்கின்றோம். புதிதாகப் புனையும் யாப்புக்கு 'விருந்து' எனப் பெயரிட்டு, வனப்பு எட்டனுள் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். கம்பன் காவியத்தைச் சுமந்து நிற்கும் விருத்தமோ தொல்காப்பியத்தில் ஒரு பாவினமாகக் கூறப்படவே இல்லை, பின்னர் வந்தது. விருந்தாக வந்தவர் வீட்டுக்குரியவரானார். இதனை மறந்து வாசலில் தடியுடன் நிற்பது மரபுமன்று.

சித்தூர்க்காரர்க்கு இன்னும் அண்மையிலேயே சான்றுண்டு. எழுத்தச்சன் வாழ்ந்த இடமாகப் போற்றப்படும் குருமடம் நம் தெக்கேகிராமத்தில் ஆற்றங்கரையில் இருக்கின்றது. பதினான்காம் நூற்றாண்டின் லீலாதிலகம், தமிழெழுத்துகளால் மட்டுமே அமைந்து எதுகையும் மோனையும் பெற்றதே 'பாட்டு' என வரையறுத்தது. வடவெழுத்துகள் தாராளமாகப் பயிலும் கிளிப்பாட்டு அவ்விலக்கணத்தின்படி பாட்டே ஆகாது! பின்னாளில் மலையாளக் கவிஞரிடையே இரண்டாமெழுத்து எதுகை கட்டாயமா என்று பெரும்போர் மூண்டபோது, கட்டாயமென்றவர் கேரளவர்மா வலியகோயித்தம்புரான். வேண்டாவென்றவர் அவருடைய மாணாக்கரும் மருமகன் முறையினருமான ஏ. ஆர். இராசராசவர்மா. யாப்பறியாத இளைஞரல்லர் அவர். 'விருத்தமஞ்சரி' என்னும் யாப்பு நூலையே இயற்றியவர்.

நம் பக்கத்திலும் அத்தகையோர் உளர். ஆத்துப்பொள்ளாச்சியிற் பிறந்த சிற்பி பாலசுப்பிரமணியம் மரபுப்பாவில் தொடங்கிப் பின்னரே வானம்பாடியரோடு பறந்தவர். மலையாளமும் கற்று 'அக்னிசாட்சி'யைத் தமிழுக்குத் தந்தவர். இரு மொழிகளின் ஓசை நாள்தோறும் செவியில் விழும் நம் எல்லைப்புற மாணவனுக்கு இவ்வழி அயலானதன்று. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பில் மூன்றாவதாக ஏட்டுத் தமிழ் என்று அலையும் அவனிடம், எது தன் சொல் என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சியையே நாம் பறித்துக்கொண்டுள்ளோம்.

எனவே சங்கத்தாரிடம் நாம் கேட்பது பெரிதன்று. அடுத்த போட்டியில் மரபு, புதுமை என்னும் இரு தட்டுகளையும் எடுத்துவிடுக. எழுதியவனை எதிரே அமர்த்தி, இவ்வரி ஏன் இங்கு முறிகின்றது, இச்சீர் ஏன் இப்படி நின்றது என்று வினவுக. ஒதுக்கும் தாளில் தளை தட்டிய இடத்தைக் குறித்தே ஒதுக்குக. குறிக்க இயலாத நடுவர், நம்மையும் சேர்த்தே சொல்கின்றோம், அந்நாற்காலியில் அமரவேண்டா.